லாடம் அடிப்பவருக்கு ஒரு படிப்பு, ஓர் உரிமம்: கால்நடைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை,
தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மெரினாவிலோ கொடைக்கானல் ஏரிச் சாலையிலோ ஒரு குதிரை நொண்டிக்கொண்டே ஆளைச் சுமந்து போகும். யாராவது அதைப் படம் பிடித்துப் போடுவார்கள். இரண்டு நாள் ஊரே கொதிக்கும். அப்புறம் ஒரு திடீர்ச் சோதனை, குதிரைக்காரர் மேல் ஒரு வழக்கு, நாலு பேட்டி. மூன்றாம் நாள் எல்லாரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இத்தனை அமளியிலும் அந்தக் குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்தாரா என்றால், பெரும்பாலும் இல்லை.

நான் உடுமலைப் பக்கம் குதிரை வளர்ப்பவன். மருத்துவன் இல்லை. ஆனால் குதிரைக்காரர்களோடும் லாடம் அடிப்பவர்களோடும் நெடுநாளாகப் பழகி வருகிறேன். நான் பார்த்தவரை, நம்மூர்க் குதிரை நொண்டுவதற்குச் சாட்டையைவிட அரமும் ஆணியும்தான் அதிகம் காரணமாகின்றன. குதிரைக்காரர் கொடுமைக்காரர் என்பதால் அது நொண்டுவதில்லை. லாடம் அடித்தவருக்கு யாரும் முறையாகச் சொல்லித் தராததால் நொண்டுகிறது. சொல்லித்தர வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் நுனியில் நிற்கும் விலங்கு. குளம்பு அந்த விரலின் நகம். அதற்குள்ளே பாத எலும்பு, குளம்புச் சுவரின் உட்புறத்திலிருந்து நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளைப் பற்றிக்கொண்டு கிட்டத்தட்டத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது உங்கள் மருத்துவர்களுக்குப் பாலபாடம். மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்கள் இரண்டின் மேல் இறங்குகிறது. பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றைக் கால் மட்டும் தரையில் இருக்கும்போது அந்தக் குளம்பு உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கிக்கொள்கிறது. 400 கிலோ குதிரைக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை பாரம் இறங்குகிற இடத்தில், மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை கொம்புப் பொருள் வளர்ந்துகொண்டே இருக்கிறது. வெறுங்காலோடு திரியும் குதிரைக்கு அது தானாகத் தேயும். லாடம் போட்ட குதிரைக்குத் தேயாது. வளர்ந்த குளம்பு லாடத்தையும் சேர்த்து முன்னே இழுத்துப் போகும். குதிகாலுக்கு அடியில் இருக்க வேண்டிய லாடத்தின் முனை உள்ளங்காலில் ஏறி அழுத்தும், அங்கே ரத்தம் கட்டும். அதனால்தான் நல்ல லாயங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, முன்னே பின்னே ஒரு வாரம் இருக்கலாம், லாடத்தைக் கழற்றி, குளம்பைச் செதுக்கி, மறுபடி அடிக்கிறார்கள். இரும்பு தேயாமல் புதிது மாதிரி இருந்தால் அதே லாடம் திரும்பக் காலுக்கு ஏறும். நம் சுற்றுலா ஊர்களில் என்ன நடக்கிறது? லாடம் கழன்று விழும்வரை விட்டுவைக்கிறார்கள். கழலவில்லை என்றால் நல்லா அடிச்சிருக்கான் என்று பாராட்டு வேறு.

நாள் தள்ளிப்போகப் போக முன்நுனி நீண்டு குதிகால் தாழ்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கணுக்காலின் சரிவும் குளம்பின் முன்சரிவும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நுனி நீண்டால் அந்தக் கோடு நடுவில் உடைந்து பின்னால் மடங்கும். காலைத் தரையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் குதிரை அந்த நீண்ட நுனியைத் தாண்டி உருட்டியாக வேண்டும். காலின் பின்புறம் இறங்கிவரும் தசைநாண் அதற்கேற்ப இழுபடும், அந்த நாண் சுற்றிப் போகும் நாவிகுலர் என்ற சிற்றெலும்பு அழுந்தும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. குதிரை அடி வைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், இறக்கத்தில் தயங்கும், நின்ற இடத்தில் ஒரு காலை முன்னே நீட்டி வைத்துக்கொள்ளும். ‘சோம்பேறிக் குதிரை’ என்று பெயர் வாங்கும். பிறகு ஒரு நாள் நொண்டும். அப்போது மருந்துக்கு ஓடுகிறோம்.

எங்கள் பக்கம் வரும் லாடக்கார பாய் இளவயதில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அவர் வேலை செய்வதைப் பார்த்தால்தான் நான் எதைக் கேட்கிறேன் என்பது புரியும். வந்ததும் பெட்டியைத் திறக்க மாட்டார். குதிரையைக் கெட்டித் தரையில் நேராக நடத்திவரச் சொல்லுவார். முன்னால் நின்று ஒருமுறை, பின்னால் நின்று ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பார்ப்பார். குளம்பின் எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொடுகிறது என்பதுதான் அவருக்கு வேண்டிய சேதி. அடுத்து, பழைய லாடத்தைப் பிடுங்கி எறிய மாட்டார். குளம்புச் சுவரில் மடக்கிவிட்ட ஆணி நுனிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, சுவர் பிய்ந்துவிடாமல் குதிகாலிலிருந்து மெல்ல நெம்பி எடுப்பார். எடுத்த லாடத்தைத் திருப்பிப் பார்ப்பார். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், இந்தக் குதிரை வெளிப்பக்கமாகவே மிதிக்கிறது என்று அது சொல்கிறது. அந்த லாடத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

பிறகுதான் கத்தி. உள்ளங்காலில் செத்த பொடியை மட்டும் சுரண்டுவார். நடுவில் முக்கோணமாக, மெத்தென்று இருக்குமே, ஃபிராக் என்கிற பகுதி, அதன் தொங்கலை மட்டும் நறுக்குவார். அது தரையில் படவேண்டிய உறுப்பு. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் சற்று விரிந்து சுருங்குவதும், அதோடு ரத்தம் மேலே தள்ளப்படுவதும் அந்தப் பகுதி உயிரோடு இருந்தால்தான் சரியாக நடக்கும். அழகாக இருக்கட்டும் என்று அதை வெள்ளையாகச் செதுக்கித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளங்கால் அமுங்கும் அளவுக்கு வெட்டிவிடுவார்கள். அந்தக் குதிரை மறுநாள் ஜல்லிக்கல் சாலையில் எப்படி நடக்கும்?

லாடத்தைக் குளம்புக்குப் பொருந்த வளைப்பது அடுத்த வேலை. பாய் ஒரே லாடத்தைப் பட்டறைக்கல்லுக்கும் காலுக்கும் நாலைந்து முறை கொண்டுபோய் வருவார். பார்க்கிற நமக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அவர் குளம்பைப் பார்த்துத்தான் லாடத்தை வளைக்கிறார். கடையில் கிடைத்த அளவில் லாடத்தை வாங்கிவந்து அதற்குப் பொருந்தக் குளம்பின் வெளிச்சுவரை அரத்தால் ராவித் தள்ளுவதுதான் நம் ஊர்களில் அதிகம் நடக்கிற தப்பு. மேலே இருந்து பார்த்தால் கால் சின்னதாக, நேர்த்தியாகத் தெரியும். ஆணி பிடிக்க வேண்டிய சுவர் மெலிந்து போயிருக்கும். அடுத்த முறை ஆணி அடிக்க இடமே இருக்காது, சுவர் பொரியாக உதிரும்.

கடைசியாக ஆணி. லாட ஆணியின் நுனி ஒருபக்கம் சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வு குளம்பின் உட்பக்கம் பார்க்க இருந்தால் ஆணி வெளியே வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். திருப்பிப் பிடித்தால் உள்ளே, சதைக்குப் போகும். உள்ளங்காலும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக்கோடு ஓடுகிறது. ஆணி அதற்கு வெளியேதான் ஏற வேண்டும். குளம்பின் அகன்ற பகுதிக்குப் பின்னால் ஆணி அடித்தால் குதிகால் விரிய முடியாது. இதெல்லாம் ஏட்டில் எழுதி வைக்கலாம். ஏட்டில் வராத ஒன்றை பாய் சொன்னார்: “தம்பி, சத்தத்தைக் கேளுங்க. கெட்டியாக் கேட்டா ஆணி சுவத்துல போகுது. மொத்துமொத்துன்னு கேட்டா அந்த நிமிஷமே புடுங்கிடணும். குதிரை காலை உதறும்வரைக்கும் காத்திருக்கக் கூடாது.” ஆணி நுனி சுவரின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், எல்லாம் ஒரே வரிசையில் வெளியே வந்து நிற்கும். முடித்ததும் மறுபடி நடத்திப் பார்ப்பார். வந்தபோது எப்படி நடந்ததோ அதைவிட நன்றாக நடக்க வேண்டும். இல்லையென்றால் கூலி வாங்க மாட்டார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு மலைவாசஸ்தலத்தில், ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு மட்டக்குதிரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அதன் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. குதிரைக்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நேத்துதான் லாடம் அடிச்சோம் சார், ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், சரியாயிடும்” என்றார். பொய் சொல்கிற முகமில்லை அது. லாடம் அடித்தால் குதிரை இரண்டு நாள் நொண்டும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அவர் அப்பாவும் அப்படித்தான் நம்பியிருப்பார். வளர்க்கிறவருக்கே இது இயல்பாகத் தெரியும்போது யார் யாரைக் கேள்வி கேட்பது?

இரண்டு நாள் வலிக்கு அர்த்தம், ஆணி சதைக்கு மிக அருகே போய் அழுத்துகிறது, அல்லது சதையைத் தொட்டே விட்டது. முதல் வகையில் அந்த ஆணியைப் பிடுங்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவது வகையில் உள்ளே சீழ் கட்டும். குளம்பு கெட்டியான கூடு, சீழுக்கு விரிய இடமில்லை. குதிரை திடீரென்று ஒரு காலையே ஊன்றாது, எலும்பு முறிந்துவிட்டதோ என்று பயப்படும் அளவுக்கு. திறந்து வடித்து, கட்டுப்போட்டு, சில வாரம் ஓய்வு தர வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், குதிரைக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், மிக எளிதில் தொற்றும். சாணமும் துருவும் படிந்த ஒரு ஆணி போதும். தடுப்பூசி போடாத குதிரை என்றால் அதன் பிழைப்பு ஆண்டவன் கையில்தான்.

எல்லா நொண்டலுக்கும் லாடம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மூட்டு, தசைநாண், பிறவிக் கோணல், தீனி, வயது என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் இவற்றிலும் பாதத்தைச் சரியாகச் செதுக்கத் தெரிந்தவர் இருந்தால் குதிரைக்கு வலி குறையும். குளம்பு வீக்கம் கண்ட குதிரைக்கு நடுவில் தாங்கு வைத்த லாடம், குதிகால் சரிந்ததற்குப் பின்பக்கம் மூடிய லாடம், நுனியை உருட்டிவிட்ட லாடம் என்று வைத்தியமாகவே லாடம் இருக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் கோணத்தைக் குறித்துக் கொடுக்க, லாடக்காரர் அதை இரும்பில் செய்துதர வேண்டும். வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில், அந்த எக்ஸ்ரேயைப் புரிந்துகொண்டு இரும்பை வளைக்கிற ஆள் எத்தனை பேர் என்று உங்கள் மருத்துவர்களையே கேட்டுப் பாருங்கள். குட்டிகளுக்கோ நேரம் இன்னும் குறைவு. கால் கோணலாகப் பிறந்த குட்டிக்குக் கணு மூட்டுப் பக்கத்துக் கோணலைச் செதுக்கித் திருத்துவதற்கு முதல் இரண்டு, மூன்று மாதங்கள்தான் கெடு. எலும்பு வளர்ச்சி அங்கே சீக்கிரம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு வெட்டுகிற ஒவ்வொரு வெட்டும் கெடுதல்தான்.

மாட்டுக்கு லாடம் அடிப்பதில் நம்மவர்கள் கைதேர்ந்தவர்கள், அதையும் சொல்லியாக வேண்டும். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, காலைச் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்புக்குக் காலுக்கு இரண்டு தகடாக எட்டுத் தகட்டை மளமளவென்று அடித்துவிடுவார்கள். காங்கயம் காளை கட்டியவர்களுக்கு அந்த வேகம் தெரியும். வண்டிமாடு குறைந்துபோனதும் அந்தக் கைகளில் பல குதிரைப் பக்கம் திரும்பின. வேறு பிழைப்பு என்ன இருக்கிறது? ஆனால் குதிரை நின்றபடியே காலைக் கொடுக்கும் விலங்கு. ஒரு குளம்பில் அரை விரற்கடை சாய்ந்தால் அது தோள்வரை ஏறும். மாட்டு லாடக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஏற்கனவே உளியும் சுத்தியலும் பழகிய கை இருக்கிறது. உங்கள் படிப்புக்கு முதல் மாணவராக அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்தப் பஞ்சம் நமக்குப் புதிதும் இல்லை. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் கடல் வழியாக வாங்குவதைப் பார்த்து வியந்திருக்கிறார். ஆண்டு முடிவில் அதில் நூறுகூட மிஞ்சாதாம். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்க்கும் ஆளும் இல்லை என்று காரணம் சொல்கிறார். குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆளைத் தாங்களும் கூட்டிவருவதில்லை, தானாக வர நினைப்பவரையும் விடுவதில்லை, குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்பது அவர் தரும் விளக்கம். வெளியூர்க்காரர் கதை, கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம். ஆனாலும் அந்த வியாபாரிகளுக்குப் புரிந்த கணக்கு இன்றுவரை நமக்குப் புரியவில்லை. ஒரு லாடக்காரரை வரவிடாமல் தடுத்தால் ஆயிரம் குதிரை விற்கலாம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், லாடம் அடிக்கும் தொழில் செய்பவர் உரிமம் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வகுக்க இடம் கொடுக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்தி 1965இல் லாடம் அடிப்பவர்களுக்கு உரிமம் வழங்கும் விதிகளும் வந்துவிட்டன. பிரிட்டனில் இதற்கான தனிச் சட்டம் 1975இல்தான் வந்தது. அதாவது எழுதி வைப்பதில் நாம் பத்தாண்டு முந்திக்கொண்டோம்.

அங்கே அதற்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம். பதிவு பெறாத ஆள் குதிரைக்கு லாடம் அடித்தால் அங்கே குற்றம். சொந்தக் குதிரைக்கும் அடிக்க முடியாது. பதிவு வேண்டுமென்றால் அனுமதி பெற்ற ஒரு லாடக்காரரிடம் ஏறத்தாழ நான்கு ஆண்டு உதவியாளாக இருந்து, இடையிடையே கல்லூரிக்கும் போய், தேர்வு எழுத வேண்டும். தேர்வின் தரத்தைப் பார்த்துக்கொள்வது 1674இல் அரச சாசனம் பெற்ற லாடத் தொழிலாளர் சங்கம். வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காக நாமும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டிலேயே மீரட்டில், ராணுவத்தின் விலங்குகளைப் பராமரிக்கும் பிரிவான ரீமவுண்ட் வெட்டர்னரி கோர் மையம் தன் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் லாடம் அடிக்க ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. வடமாநிலங்களில் செங்கல் சூளைக் குதிரைகளிடையே வேலை செய்யும் புரூக் அமைப்பு உள்ளூர் லாடக்காரர்களைத் தேடிப்பிடித்துச் சொல்லித்தருகிறது. பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நம் மாநிலம் போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி.

நான் கேட்பது நான்கு ஆண்டுப் பட்டயம்கூட இல்லை. எட்டாம் வகுப்பு படித்தவரும், படிக்காதவரும் சேரக்கூடிய, தமிழில் நடக்கிற ஒரு தொழிற்பயிற்சி. முதல் சில மாதம் இறந்த விலங்கின் குளம்பில் கையைப் பழக்கட்டும். வெட்டிப் பார்த்தால்தான் ஆணி எங்கே போகிறது என்பது கண்ணில் படும். பிறகு ஒரு மூத்த லாடக்காரரிடம் ஓராண்டாவது உதவியாள், உதவித்தொகையோடு. உதவித்தொகை இல்லாமல் யாரும் வரமாட்டார்கள். பாயின் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மூத்தவர்களுக்குக் கற்பிப்பவர் என்ற அந்தஸ்தும் சம்பளமும் கொடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவராக இருந்தாலும் கொடுங்கள்.

அந்த மூத்தவர்கள் எங்கே என்று தேடினால், பலர் பந்தய லாயங்களில் இருக்கிறார்கள், அல்லது இருந்தார்கள். 2024இல் ஊட்டிப் பந்தய மைதானத்தையும் கிண்டி மைதானத்தையும் அரசு எடுத்துக்கொள்ள நடவடிக்கை எடுத்தது. நிலம் யாருக்கு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால் எனக்கு அதில் பற்றும் இல்லை, பகையும் இல்லை. ஆனால் இலேசான அலுமினிய லாடத்தை இம்மி பிசகாமல் பொருத்தத் தெரிந்த கைகள் அந்தச் சுவருக்குள்தான் தலைமுறையாக இருந்தன. நிலத்தை அளந்த அரசு அந்தக் கைகளையும் ஒரு கணக்கு எடுத்திருக்கலாம். இப்போதும் தாமதமில்லை. சென்னைக் காவல்துறையின் குதிரைப்படைப் பிரிவில் ஆண்டு முழுதும் குதிரைகள் நிற்கின்றன. பயிற்சிக்கு அதைவிட வசதியான இடம் எது?

உரிமத்தை மட்டும் முதலில் கொண்டுவந்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். படிப்பு இல்லாமல் உரிமம் வந்தால், இருக்கிற பத்துப் பேரும் லஞ்சம் கொடுத்து அட்டை வாங்குவார்கள், அல்லது தொழிலை விட்டுவிடுவார்கள். குதிரைக்குப் பழைய ஆணிதான். முதலில் படிப்பு, அதை முடித்தவருக்கு உரிமம், ஒரு சில ஆண்டு கழித்துச் சவாரிக்கு விடும் குதிரைக்கு உரிமம் பெற்றவர்தான் லாடம் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம். அந்த வரிசை மாறக்கூடாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடைக்கானலில் மட்டக்குதிரை வைத்திருப்பவருக்குச் சீசன் இரண்டு மாதம்தான் கையில் காசு. மழைக்காலத்தில் சவாரி இல்லை, குதிரை ஈரத்தில் நிற்கும், ஃபிராக் அழுகிக் கறுப்பாக நாறும், அப்போதுதான் லாடக்காரர் அதிகம் தேவை, அப்போதுதான் காசு இருக்காது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி நம்மிடம் இருக்கிறது. சுற்றுலா ஊர்களுக்கு மாதம் ஒரு நாள் அந்த வண்டியோடு ஒரு லாடக்காரரும் வரட்டும். மருத்துவர் ரணஜன்னித் தடுப்பூசி போடட்டும், லாடக்காரர் குளம்பைப் பார்க்கட்டும். எல்லாக் குதிரைக்கும் லாடம் வேண்டும் என்பதில்லை. மணலில் மட்டுமே நடக்கிற ஒன்றுக்கு, செதுக்கிவிட்டு வெறுங்காலோடு விட்டாலே போதும் என்று சொல்லக்கூடியவர் வந்தால் குதிரைக்காரருக்குப் பணமும் மிச்சம். இன்று அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆணி அடித்தால்தான் கூலி என்றால் எவரும் ஆணியைத்தான் அடிப்பார்.

சோதனைக்குப் போகும் அலுவலர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். உடலில் காயம் இருக்கிறதா, எலும்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது குற்றம் என்கிறது. நொண்டுகிற குதிரை அதில் வராதா? பத்தடி நேராக நடத்திப் பார்த்துத் தலை ஆடுகிறதா என்று கவனிக்க வேண்டும். குளம்பைத் தொட்டுச் சூடு இருக்கிறதா, கணுக்காலின் பின்புறம் நாடி வேகமாக, ஓங்கி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு குதிரைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பறிமுதல் செய்த பிறகாவது அந்தக் குதிரைக்கு ஆணியைப் பிடுங்கிவிடுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

குதிரைச் சவாரியையே தடை செய்துவிட்டால் போச்சு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனசு நல்ல மனசு. ஆனால் தடை போட்ட மறுநாளும் அந்தக் குதிரைகளுக்குக் குளம்பு வளரும். அடைக்கலம் கொடுக்கும் காப்பகங்களிலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை யாராவது அரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். வாங்குபவர், விற்பவர், வேடிக்கை பார்ப்பவர் என்று இந்த மாநிலத்துக் குதிரைக்காரர்களில் பெரும்பாலோர் அங்கே ஒரே இடத்தில் இருப்பார்கள். வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடை பழக்கிக் காட்டச் சொல்லுவார். காலைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. வருகிற ஆடிக்கு அங்கே உங்கள் துறை ஒரு பந்தல் போடட்டும். ஒரு பட்டறைக்கல், ஒரு மருத்துவர், இரண்டு மூத்த லாடக்காரர்கள் போதும். இலவசமாகக் குளம்பைப் பார்த்துச் சொல்லுங்கள், படிப்பில் சேர விரும்புகிறவர்களின் பெயரையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பந்தலுக்கு பாயைக் கூட்டிவருவது என் பொறுப்பு. வண்டிச் சத்தமும் நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உடுமலைப் பக்கத்துக் குதிரை வளர்ப்பவன்